மூன்றடுக்கா, கிண்ணங்களா

...கிண்ணங்கள்தான், அதில் மறுபேச்சே கிடையாது, ஆளுக்கொரு கிண்ணம், அவரவர் கையால் எடுத்து அவரவர் மூலையில் நின்று தின்றுவிட்டுப் போகட்டும், வெட்டுவதற்கு என்று எதுவுமே இருக்கக் கூடாது, வெட்ட ஒன்றுமில்லை என்றால் மேடை இல்லை, மேடை இல்லை என்றால் மைக் இல்லை, மைக் இல்லை என்றால் அந்த மனுஷன் வாயைத் திறக்க இடமில்லை, என்று எண்ணிக்கொண்டே அவள் கேக் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள், அது தள்ளுகிற கதவில்லை, இழுக்கிற கதவு, உள்ளே நின்ற மகள் சிரித்துக்கொண்டே வந்து திறந்துவிட்டாள், வந்ததும் வராததுமாக ஒரு மூக்குடைப்பு, அவர் பார்த்திருப்பாரோ... பார்த்தால் பார்க்கட்டும், இனிமேல் அவர் பார்வைக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது. கல்யாணம் அடுத்த மாதம், மகளுக்கு. வரவேற்பு விருந்தின் கடைசியில் என்ன இனிப்பு வைப்பது என்று முடிவு செய்யத்தான் இன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்கள், பெரிய மூன்றடுக்குக் கேக்கா, இல்லை சின்னச் சின்னக் கிண்ணங்களில் பல வகையா, சுவைத்துப் பார்த்துவிட்டு இன்றே சொல்லிவிட வேண்டுமாம். “நீயும் வாம்மா, அப்பாவும் வர்றாரு, ரெண்டு பேரும் சேந்து சொன்னா எனக்குச் சந்தோஷம்” என்று மகள் போனில் சொன்னபோது ‘ரெண்டு பேரும் சேந்து’ என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, சேர்ந்து இருந்த காலத்தில் ஒரு திரைச்சீலையின் நிறத்தைக்கூட அவர்கள் சேர்ந்து சொன்னதில்லை, அவர் சொல்வார், அவள் தைப்பாள்.

அவர் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார், கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், வெள்ளை விரிப்புப் போட்ட மேசைக்கு அந்தப் பக்கம், முதுகை நேராக வைத்துக்கொண்டு, அதே இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, தலைமுடி மட்டும் முழுக்க வெளுத்திருந்தது, அது அவருக்கு எடுப்பாக வேறு இருந்தது, வயிறு எரிந்தது அவளுக்கு, வயதுகூட இந்த ஆளிடம் மரியாதையாக நடந்துகொள்கிறதே... “வா” என்றார், அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை. “ம்” என்றாள் அவள், அதுவே அதிகம் என்று தோன்றியது. பல் டாக்டர், இனிப்பைத் தேர்ந்தெடுக்க வந்திருக்கிறார், இதைவிட வேடிக்கை என்ன வேண்டும், வீட்டில் சர்க்கரை டப்பாவை அலமாரியின் மேல்தட்டில், அவள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தவர், மகளின் பிறந்தநாளுக்கு ஒரு துண்டு கேக் கொடுத்துவிட்டு உடனே பல் துலக்க அனுப்பியவர், அந்தப் பிள்ளை வாய் நிறைய நுரையோடு அழுதுகொண்டே திரும்பி வந்ததே, அதெல்லாம் அவருக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது. மகளுக்கு நினைவிருக்கிறதா? இருந்தால் இப்படி அவர் பக்கத்தில் ஒட்டி உட்காருவாளா, நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்வாளா... மாப்பிள்ளை இன்னொரு பக்கம் இருந்தான், நல்ல பையன், சாப்பாட்டைப் பார்த்தால் உலகமே மறந்துபோகும் ஜாதி, “அத்தை, இந்தப் பக்கம் உக்காருங்க, காத்து வரும்” என்று இடம் காட்டினான், காட்டிய கையில் ஏற்கெனவே ஒரு கரண்டி இருந்தது.

கடைக்காரம்மா உள்ளே இருந்து தட்டுகளைக் கொண்டுவந்தாள், முன்னங்கை வரை மாவுத் தூள், குரல் மட்டும் பள்ளிக்கூட வகுப்பு எடுப்பதுபோல், “இது வெனிலா அடுக்கு மேடம், இது சாக்லேட், இது ஆரஞ்சுத் தோல் போட்டது, மூணையும் மூணு அடுக்கா வைக்கலாம், ஒரே ருசியாவும் வைக்கலாம்”. பிறகு படம் காட்டினாள், வெள்ளை வெளேரென்று ஒரு மூன்றடுக்கு, அடியிலிருந்து உச்சிவரை சர்க்கரைப் பூக்கள் ஏறிப் போயிருந்தன. அதே உயரம், அவர்களுடைய கல்யாணத்திலும் அதே உயரம்தான், அப்போது அது பெரிய அதிசயம், வந்தவர்கள் எல்லாம் அவளைப் பார்க்காமல் கேக்கைப் பார்த்தார்கள், அவருடைய நண்பர்கள் கூட்டம் முன்வரிசையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தது, ஒரே கத்தி, கைப்பிடியை அவள் பிடித்திருந்தாள், அவள் கைமேல் அவர் கை, மெதுவாக அழுத்தலாம் என்று அவள் நினைத்த நேரத்தில் அவர் வெடுக்கென்று இழுத்தார், கேமராக்காரன் ‘இந்தப் பக்கம் சார்’ என்று கூப்பிட்டிருந்தான், அவர் அந்தப் பக்கம் திரும்பினார், கத்தியும் திரும்பியது, மேலடுக்கு சாய்ந்து, வழுக்கி, அவளுடைய புதுப் புடவைமேல், பிறகு தரையில்... அப்போதுதான் அவர் மைக்கை எடுத்தார், “பாத்தீங்களா, வந்த அன்னைக்கே தள்ளி விட்டுட்டா, கை என்னா நடுக்கம் நடுங்குது பாருங்க” என்று, மண்டபமே சிரித்தது, அவளுடைய சொந்த அண்ணன் சிரித்தான், அவளும் சிரித்தாள், அதுதான், அதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை, கிரீம் வழிகிற புடவையோடு நின்று அவளும் சேர்ந்து சிரித்தாளே, இழுத்தது நான் இல்லை என்று சொல்ல ஒரு வாய் இல்லாமல் போனதே.

“கிண்ணமே வைக்கலாம்னு எனக்குத் தோணுது” என்றாள் அவள், தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை, வழி நெடுக ஒத்திகை பார்த்தது வீண்போகவில்லை, “கேக்குன்னா எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கணும், வெட்டணும், பரிமாறணும், பாதிப் பேர் அதுக்குள்ள கிளம்பிடுவாங்க, கிண்ணம்னா வேணுங்கிறவங்க வேணுங்கிறத எடுத்துக்குவாங்க, வயசானவங்களுக்குக் கஸ்டர்ட், பிள்ளைங்களுக்குச் சாக்லேட்...” மாப்பிள்ளை வாய் நிறைய ஆரஞ்சுக் கேக்கை வைத்துக்கொண்டு “அதுவும் நல்லாத்தான் இருக்கும் அத்தை” என்றான், அவனுக்கு எல்லாமே நல்லாத்தான் இருந்தது, வெனிலாவும் நன்றாக இருந்தது, ஆரஞ்சும் நன்றாக இருந்தது, மேசை விரிப்பைக் கொடுத்தால் அதையும் கடித்துவிட்டுத் தலையாட்டுவான். கடைக்காரம்மா கிண்ணங்களைக் கொண்டுவந்து பரப்பினாள், நுரை மாதிரி சாக்லேட் மூஸ், கேரமல் கஸ்டர்ட், பழத்துண்டுகள் அடுக்கிய கிரீம், “ஆனா மேடம், கேக்குன்னா ஒரு அழகு உண்டு, பொண்ணும் மாப்பிள்ளையும் வெட்டினதுக்கப்புறம் பெத்தவங்களும் ஆளுக்கு ஒரு துண்டு வெட்டி மேடையிலயே பிள்ளைங்களுக்கு ஊட்டுவாங்க, போட்டோ அவ்வளவு நல்லா வரும்” என்றாள், அதேதான், அந்த அழகுதான் வரக் கூடாது, அவர் ஊட்டுவார், கண் கலங்குவார், மைக்கைக் கேட்டு வாங்குவார், என் மகளை நான் எப்படி வளர்த்தேன் என்று ஆரம்பிப்பார், வளர்த்தது யார், காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது யார், அவள் வாயைத் திறந்து சண்டைக்குத் தயாரானாள், அவர் எப்படியும் மூன்றடுக்கு என்றுதான் நிற்பார், ஒரு வருஷத்துக்கு முன்பே மகளிடம் சொல்லிவைத்தவர், ‘உன் கல்யாணத்துல ஊரே பாக்குற மாதிரி ஒரு கேக் வெட்டறோம்’ என்று, நிற்கட்டும், நின்றால்தானே தோற்கடிக்க முடியும்... “அவ சொல்றதுதான் சரி” என்றார் அவர். “கிண்ணமே இருக்கட்டும்.”

என்ன? அவள் சரியாகக் கேட்கவில்லையா? கேட்டது, மகளும் தலையை ஆட்டினாள், “சரிப்பா, அப்ப கிண்ணம்” என்று, அவ்வளவு சீக்கிரமாக, முன்பே பேசிவைத்துக்கொண்டது போல. ஜெயித்துவிட்டாள், கையை நீட்டியதும் கிடைத்துவிட்டது, ஆனால் மல்லுக்கட்ட வந்த இடத்தில் எதிராளி சாய்ந்து படுத்துக்கொண்டால் அது என்ன ஜெயம், அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை, இந்த மனுஷன் ஒரு பேச்சை விட்டுக்கொடுத்து அவள் பார்த்ததே இல்லை, பிரிவுக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போதுகூட எந்தப் பேனா என்று சண்டை பிடித்தவர், சாப்பாட்டு மேசையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே ‘நான் அங்க போறேன்’ என்று சொன்னவர், அங்கே என்றால் கிளினிக்கில் கூட வேலை பார்த்த, பல்லுக்குக் கம்பி கட்டுகிற டாக்டரம்மா வீட்டுக்கு, ஏன் என்று இவள் கேட்டதற்கு யோசித்துப் பார்த்து ‘அவ நிதானமானவ, அவ கை நிதானம்’ என்றாரே, மனைவியை விட்டுப் போவதற்கு எவனாவது இப்படி ஒரு காரணம் சொல்வானா... அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது, டிங் டிங் டிங் என்று, மெலிதாக, விடாமல், ஏசியில் ஏதாவது திருகு கழன்றிருக்கும் என்று நிமிர்ந்து பார்த்தாள், ஏசி இல்லை, மாப்பிள்ளையின் கரண்டியும் இல்லை, அது இப்போது அவன் வாய்க்குள் இருந்தது. சத்தம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அவர் இடது கையால் மூஸ் கிண்ணத்தில் கரண்டியை விட்டிருந்தார், வலது கையால் எல்லாம் செய்கிறவர், இடது கையால், சுவையாவது பார்த்தோம் என்று பேருக்கு, வலது கை மேசைக்கு அடியில் இருந்தது, அந்தக் கையின் தோள் துடித்துக்கொண்டே இருந்தது, துடிப்பு உடம்பு வழியாக இடது கைக்கு வந்து, கரண்டி கண்ணாடிக் கிண்ணத்தில் பட்டுப் பட்டு... மகள் சட்டென்று கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், “போதும்ப்பா, அது ரொம்ப இனிப்பு” என்றாள், சத்தம் நின்றது.

அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், மூக்குக் கண்ணாடிக் கடை, காதுக்கும் மூக்குக்கும் ஏற்றபடி சட்டத்தை வளைத்துக் கொடுப்பது, கண்ணுக்குத் தெரியாத திருகை ஊசி நுனியால் பொறுக்கி எடுத்து முடுக்குவது, வருகிறவர்களின் முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பழகியவள், அவளிடமிருந்து இதை மறைக்க முடியுமா, பார்த்த மாத்திரத்தில் எல்லாம் வரிசையாக வந்து நின்றது, ஏன் எழுந்திருக்கவில்லை, ஏன் எதிரில் வைத்த தண்ணீரைத் தொடவில்லை, அப்பா இப்பல்லாம் கிளினிக் பக்கம் அவ்வளவா போறதில்ல என்று மகள் சொன்னது, கொழுப்பு, ஓய்வு எடுக்கிறார் என்று இவள் நினைத்தது. நடுக்கம். அவருக்கு. கல்யாண மண்டபத்தில் வைத்த பெயர் பிறகு நிலைத்துவிட்டது, கிளினிக்கில் அவள் அவருக்கு உதவியாக நின்ற காலம் முழுக்க அதுதான் அவள் பெயர், ‘நடுக்கம், அந்தத் தட்ட எடு’, ‘நடுக்கம், லைட்டப் பிடி’, வாயைத் திறந்து படுத்திருக்கும் நோயாளிகூட அந்தத் திறந்த வாயோடு சிரிப்பான், அவர் எதிரில் நின்றால் மட்டும்தான் அவள் கை நடுங்கியது, அவர் போன பிறகு ஒரு நாள், ஒரே ஒரு நாள் நடுங்கியதா? அவளுக்குச் சிரிப்பு வந்தது, கஸ்டர்டை ஒரு வாய் எடுத்துப் போட்டுச் சிரிப்பை அதோடு விழுங்கினாள், அருமையான கஸ்டர்ட், இவ்வளவு நாளில் இப்படி ஒரு இனிப்பு அவள் வாயில் பட்டதில்லை. பிறகு அது தொண்டையைத் தாண்டுவதற்குள் இன்னொன்று தோன்றியது, ஐயோ, நான் என்ன முட்டாள், கிண்ணம் கேட்டேனே... கிண்ணம் என்றால் இவர் தப்பித்தார், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஒரு தூண் ஓரமாக நின்று எல்லோருக்கும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், யாருக்கும் தெரியாது, ஆனால் கேக் என்றால்... மேடை, வெளிச்சம், கேமராக்காரன் ‘இந்தப் பக்கம் சார்’, இவர் கையில் கத்தி, துண்டு துண்டாக உதிர்கிற கேக், மகளின் வாய்க்கு எதிரே ஆடுகிற கரண்டி, கன்னத்தில் கிரீம், முன்வரிசையில் அதே பழைய நண்பர்கள், ஒருவன் தொண்டையைக் கனைப்பான், ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அவர்களில் வாயாடி ஒருவன் சும்மா இருப்பானா, அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். மைக்கை எடுத்து ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டாம். அவள் கை நிற்கும், கல் மாதிரி நிற்கும், எல்லோரும் பார்ப்பார்கள், எது நடுங்குகிற கை என்று.

மகள்? அந்த நினைப்பு ஒரு மூலையில் வந்து நின்றது, மகளின் கல்யாணமல்லவா அது, அவள் கன்னத்தில்தானே கிரீம்... வந்த வேகத்தில் அதை அப்புறப்படுத்தினாள், ஒரு நிமிஷக் காரியம், துடைத்துக்கொண்டால் போயிற்று, நான் கிரீம் வழிந்த புடவையோடு நாள் முழுக்க நிற்கவில்லையா. “ஒண்ணு சொல்றேன்” என்றாள், கிண்ணங்களின் எண்ணிக்கையைப் பேசத் தொடங்கியிருந்த கடைக்காரம்மா நிறுத்தினாள். “யோசிச்சுப் பாத்தா கேக்கே இருக்கட்டும்னு தோணுது. அவங்க சொன்ன மாதிரி அந்த அழகு கிண்ணத்துல வராதுல்ல. மூணடுக்கு. பெத்தவங்க ஆளுக்கு ஒரு துண்டு ஊட்டட்டும்.” மாப்பிள்ளைகூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். மகள் அம்மாவைப் பார்த்தாள், அந்தப் பார்வையை இவளால் எதிர்கொள்ள முடிந்தது, அதுவே இவளுக்கு ஆச்சரியம், மகள் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் மேசைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்தார், மெதுவாக, விரிப்பின்மேல் வைத்தார், மறைக்கவில்லை, அது அங்கே கிடந்து ஆடிக்கொண்டிருந்தது, கரையில் போட்ட மீன் மாதிரி, பக்கத்துக் கிண்ணங்கள் லேசாக அதிர்ந்தன, அவர் அதைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார், கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை, பல்லைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. “சரி” என்றார். “கேக்கே வைங்க. ஆரஞ்சு நல்லா இருக்கு, அதையே வைங்க.” பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், மாப்பிள்ளை ஓடிவந்து கைகொடுக்கப் போனான், வேண்டாம் என்று தலையசைத்தார், “வரேன்” என்று பொதுவாகச் சொன்னார், அவர் போகிற நடையில் ஒரு கால் லேசாக இழுத்தது, அதையும் அவள் பார்த்தாள், ஒன்று விடாமல் பார்த்தாள். அறையே காலியானது போல் இருந்தது, எவ்வளவு நிம்மதி... நிம்மதிதானே இது?

வெளியே நடைபாதையில் வெயில் தணிந்திருந்தது, மாப்பிள்ளை வண்டியை எடுத்துவரப் போயிருந்தான், எதிர்க் கடை வாசலில் ஒரு ஆள் அட்டைப் பெட்டிகளை மிதித்து மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தான், மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்கப் போகிறாள், கேட்கட்டும், நான் தயார், எத்தனை வருஷக் கணக்கு இருக்கிறது என்னிடம், ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறேன், அப்போது புரியும்... “தெரிஞ்சுதான சொன்ன?” என்றாள் மகள். “என்ன தெரிஞ்சு?” “அப்பா கை.” பொய் சொல்லலாம், சொல்வதற்கு வழியும் இருந்தது, கவனிக்கலையே, ஐயோ அப்படியா என்று. “தெரிஞ்சுதான்” என்றாள். மகள் கத்துவாள் என்று நினைத்தாள், அழுவாள் என்று நினைத்தாள், இரண்டும் இல்லை, வெறுமனே தலையை ஆட்டினாள், தேடி வந்த விலாசம் சரிதான் என்று தெரிந்துகொண்டவளைப்போல. “கார்ல வரும்போதே சொன்னாரு.” “யாரு? என்னன்னு?” “அம்மா முதல்ல கிண்ணம்னுதான் சொல்லுவா, பாரு, காரணம் எனக்குத் தெரியும்னாரு. நானும் அதையே சொல்லிடறேன், அப்படியே முடிஞ்சுட்டா நல்லதுன்னாரு. ஆனா என் கையக் கவனிச்சிட்டான்னா கேக்குன்னு மாத்திடுவா. மாத்தினா நீ குறுக்க பேசக் கூடாது. அவளுக்கு அது வேணும், மேடையில நான் நிக்கறேன்னு சொன்னாரு.”

நான் நிக்கறேன். நிற்கிறாராமே, இவர் யார் நிற்பதற்கு, நான்தானே நிறுத்தினேன், இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினேன், அதை இவர் எப்படி எடுத்து ஒரு தட்டில் வைத்து எனக்கே நீட்ட முடியும், அவளுக்குக் காது மடல் சுட்டது, காரணம் தெரியுமாம், அப்படியென்றால்... அப்படியென்றால் அன்று மேடையில் நடந்தது இத்தனை காலமும் அவருக்குத் தெரிந்தே இருந்ததா, மறந்துபோன மனுஷன் என்றுதானே அவள் வெறுத்தாள், மறக்காமலே இருந்தவரை எப்படி வெறுப்பது, அதற்கு வேறு வகை வெறுப்பு வேண்டுமே, இன்னும் பெரிதாக, அதை இனிமேல் எங்கிருந்து ஆரம்பிப்பது... கேக் வந்தால் அவர் சொன்னபடி நடந்ததாகும், திரும்ப உள்ளே போய்க் கிண்ணம் என்று மாற்றினால் அவருக்கு இரங்கியதாகும், எந்தப் பக்கம் காலை வைத்தாலும் அந்த மனுஷன் முந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவளுடைய அண்ணனுக்கு அவளைத் தெரியாது, இதோ பெற்ற மகளுக்கும் இன்றைக்குத்தான் தெரிந்தது, பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது, அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று கார் சீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர், அது இவரா, வேறு யாருமே கிடைக்கவில்லையா... “போன் பண்ணி மாத்தச் சொல்லட்டாம்மா? இப்பவே சொன்னா மாத்திடுவாங்க” என்றாள் மகள். வண்டி வந்து ஓரமாக நின்றது, மாப்பிள்ளை உள்ளேயிருந்து எட்டிக் கதவைத் திறந்துவிட்டு “ஏறுங்க அத்தை” என்றான், பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். “அதுக்கப்புறம் என்ன பண்ணுவேன்னு சொன்னாரா?” என்று கேட்டாள், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே. “கேட்டேன்” என்றாள் மகள். “அது எனக்குத் தெரியலன்னாரு.” பின்னால் இருந்தவன் விடாமல் அடித்தான், மகள் ஏறி உட்கார்ந்து உள்ளே நகர்ந்து இடம் விட்டாள், அவள் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள், அவருக்கும் தெரியாதாமே, அப்படியென்றால் யாரைக் கேட்பது...